லோர்னா கூட்டிவந்த ஏழு பேர்

லோர்னா என்ற பேரை நான் முதலில் கேட்டது, என் கொழுந்தன் எமிலுக்குப் பல் பிடுங்கிய அன்று. வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டே, டாமா ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பேர் லோர்னா, அவளைத்தான் கட்டுவேன் என்றான். என் மாமியாருக்குப் பாதிதான் புரிந்தது.

வந்தவள் உரக்கப் பேசுவாள், சொன்னதைச் செய்வாள். எமில் செத்தபிறகு கட்சி வேலையில் இறங்கினாள்.

அவள் தம்பி மைலோவின் நிலத்தை ஒட்டிப் பெரிய பன்றிக் கொட்டகைகள் போட்டார்கள். அவன் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போயிற்று. கொட்டகைக்காரர்களை யாரும் தட்டிக்கேட்க முடியாதபடி சட்டம் கொண்டுவந்தவர் செனட்டர் கார்விக். அவரே அந்த வருஷம் ஜனாதிபதி பதவிக்குக் கிளம்பினார். அதே கட்சியில் அவருக்கு எதிராக நின்றவர் ஆளுநர் ப்ரெவிட்.

ஜனவரியில் ப்ரெவிட் எங்கள் அயோவா மாநிலத்தைச் சுற்றியபோது லோர்னாவின் சமையலறைக்கும் வந்தார். பதினான்கு பேர் சுவரோரம் நின்றோம். அவர் பன்றிக்கறி ரொட்டி இரண்டைத் தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து, லோர்னா நேராகக் கேட்டாள்.

"தோத்துட்டா கார்விக்குக்குக் கீழ துணை ஜனாதிபதியா நிப்பீங்களா?"

"அந்தாள் பக்கத்துல போட்டோவுக்குக்கூட நிக்கமாட்டேம்மா."

கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பிப்ரவரியில், கட்சி வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று ஊர் முடிவுசொல்ல, பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் கட்சிக் கூட்டம். அவரவர் தன் ஆளுக்கான மூலையில் போய் நிற்கவேண்டும். ஆள் குறைந்த மூலையைக் கலைத்துவிடுவார்கள். அதிலிருந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மைலோ மூன்றாவது ஒருவருக்காக நின்றான். அவனோடு சேர்த்து ஏழே பேர். கலைத்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். லோர்னா கூடத்தைக் குறுக்கே கடந்து போய் மறித்தாள்.

"வாடா எங்க பக்கம்."

"உன் ஆளு நாளைக்கே கார்விக்கோட ஒட்டிக்குவான்க்கா."

"என் வீட்டுல உக்காந்து சொல்லியிருக்கான். அதுக்கு நான் பொறுப்பு."

மைலோ கோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். மற்ற ஆறு பேரும் பின்னால் வந்தார்கள். அந்த ஏழு பேரால்தான் எங்கள் ஊர் ப்ரெவிட்டுக்குக் கிடைத்தது.

நாடு முழுக்க எண்ணியதில் அவர் தோற்றார், கார்விக்தான் கட்சி வேட்பாளரானார். ஜூலையில் ப்ரெவிட் டிவியில் வந்து, துணை ஜனாதிபதி இடத்தைக் கொடுத்தால் மறுக்கமாட்டேன், அது பெரிய கௌரவம் என்றார். அதுவரை யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிடுமுன்பே போய் வாசலில் நின்ற மனிதர்! மூன்றாம் நாள் கார்விக் அந்த இடத்தைக் கொடுத்துவிட, அவர் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டினார் ப்ரெவிட். நான் டிவியை அணைத்தேன்.

மறுநாள் காலையிலேயே கட்சிக்காரன் ஒருவன் போன் செய்து, இருவர் பேரும் போட்ட புதுப் பலகையை லோர்னா வீட்டு முன்னால் நடவேண்டும் என்றான். தேர்தலில் ஜெயிப்பதுதானே முக்கியம் என்றானாம். அவள் போனை வைத்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு மைலோ பண்ணைக்குக் காரை விட்டாள். அவன் வண்டியிலிருந்து குடிதண்ணீர்க் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னது பொய்யாப் போச்சுடா."

"நீ பொய் சொல்லலக்கா. ஆனா இனிமே யாருக்காகவும் எங்கிட்ட வராத."

அவள் ஒரு கேனைத் தூக்கி உள்ளே வைத்தாள். அந்த வாரமே கட்சிப் பொறுப்பு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நவம்பரில் கார்விக்கும் ப்ரெவிட்டும் ஜெயித்தார்கள். கொட்டகைச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

லோர்னா இப்போது டாமாவில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். மைலோ ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறான். இருவரும் அரசியல் பேசுவதில்லை.