விஜயராணியின் வலது கால்

மின்சாரம் போனால் விஜயராணி பெடலிலிருந்து காலை எடுப்பதில்லை. இடது கை துணியைப் பிடித்திருக்க, வலது கையால் மெஷின் சக்கரத்தைச் சுற்றி, பாதியில் நின்ற தையலை ஒவ்வொரு குத்தாக முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். "எங்க மாமியா கெளம்பிட்டாக. சொல்லிட்டா போறாக, சொல்லிட்டா வாராக? காலை எடுத்தா கோவிச்சுக்கிருவாக" என்பாள். மாமியார் என்பது மின்சாரம்.

திருமுருகன்பூண்டியில் சிலைப் பட்டறைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வாடகைக் கொட்டகை. நான்கு தையல் மெஷின்கள். 2008 ஐப்பசியில், மின்வெட்டால், பகலில் பாதி நேரம் அங்கே கேட்டது பக்கத்துப் பட்டறையின் உளிச் சத்தம்தான்.

திருச்சுழிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்குக் கைமடியாக வந்தவள். தையற்காரருக்குத் துணி எடுத்துக் கொடுத்து அடுக்குகிற வேலை. இப்போது கம்பெனிகள் வெட்டித் தரும் பனியன் துணியைத் தன் கொட்டகையில் தைத்துக் கொடுக்கிறாள். பேசும்போதே சேலையில் ஒட்டிய நூல் பிசிறுகளைப் பிடுங்கி உருட்டிக்கொண்டிருப்பாள். "முதலாளி" என்று யாராவது கூப்பிட்டால், "அந்தப் பேரு நமக்கு வெளங்காது, அக்கான்னு சொல்லு" என்பாள்.

அந்த மாதம் கம்பெனி சூப்பர்வைசர் சென்னியப்பன் துணிக்கட்டை இறக்கிவிட்டுச் சொன்னார்: "சரக்கு நேரத்துக்குக் கப்பலேறோணுமுங்க அக்கா. அடுத்த மாசத்துல இருந்து ஜெனரேட்டர் இருக்கற எடத்துக்குத்தான் பீஸ் குடுக்கச் சொல்லீட்டாங்க."

ஜெனரேட்டர் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்கு நடந்தாள். மேலாளர் சொத்துப் பத்திரம் கேட்டார்.

"சொத்து இருந்தா நான் ஏன் சார் இங்க வாரேன்?"

அவர் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரமே தொழில்முனைவோர் பயிற்சி மையத்திலிருந்து தண்டாயுதபாணி ஆண்டு விழாவுக்கு அழைக்க வந்தார். அங்கே படித்து முன்னுக்கு வந்தவள் என்று ஆண்டுதோறும் அவளைத்தான் மேடையேற்றுகிறார்.

"நாலு வார்த்தை தெம்பாப் பேசோணுமுங்க அம்மிணி."

"தைக்கக் கரண்டு இல்ல சார். அதச் சொல்லவா?"

"அய்யோ, அது வேண்டாமுங்க. புதுசா வர்ற பொண்ணுங்க பயந்துக்குவாங்க. பேங்க் மேனேஜரு வேற வர்றாருங்க."

மேலாளர் வருகிறார் என்பதற்காகவே ஒப்புக்கொண்டாள்.

விழாவில் மேலாளரே பொன்னாடை போர்த்தினார். "இவரைப் போன்ற பெண்களுக்குக் கடன் கொடுக்க எங்கள் வங்கி எப்போதும் காத்திருக்கிறது" என்று மைக்கில் சொன்னார். மண்டபம் கைதட்டியது. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் குனிந்து கேட்டாள்: "அப்ப என் ஜெனரேட்டருக்கு, சார்?"

"பத்திரம் கெடச்சுதாம்மா?" என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடி.

அவள் பதில் சொல்வதற்குள் மின்சாரம் போயிற்று. மின்விசிறிகள் நின்றன. "ஒரு நிமிசமுங்க, ஒரே நிமிசம்" என்று தண்டாயுதபாணி இருட்டில் கைகூப்பினார். மண்டபத்தின் பின்புறம் ஜெனரேட்டர் கனைத்தது. பிறகு சீராக ஓடியது. விளக்குகள் எரிந்தன. மேலாளரின் தலைக்கு மேல் விசிறி மறுபடி சுற்றியது.

நாற்காலிக்கு அடியில், சேலைக் கரையின் மறைவில், விஜயராணியின் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.