புடலைப் பந்தலில் கிடக்கும் வலை

நம் வீட்டுப் புடலைப் பந்தலில் ஏன் மீன்வலை கிடக்கிறது என்று நீங்கள் இருவரும் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

நாங்கள் மீனவர் சங்கத்தார் மீன் பிடிக்கிற அணை செங்கோட்டைக்கு மேற்கே, மலையடியில் இருக்கிறது. சாயங்காலம் தெர்மாகோல் மிதவையில் போய் வலை கட்டிவிட்டு வருவோம். விடிந்ததும் எடுப்போம். மீன் வலைக்கண்ணில் தலையை நுழைத்து, செவுள் மாட்டி நின்றுவிடும். கண் சின்னதாக இருந்தால் குஞ்சும் மாட்டும். ரொம்பப் பெரிதாக இருந்தால் எதுவும் நிற்காது.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் தொடங்க ஒரு மாதம் இருந்தது. சாரல் காலத்தில்தான் ஓட்டல்காரர்கள் மீனுக்கு வந்து நிற்பார்கள். அப்போது மீன்துறைக்காரர்கள் சங்கச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லாருக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் ஆபீஸ் தமிழ் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பத்தாவது வரை போனவன் நான் ஒருவன்தான்.

"வாசியும் மாப்ளே, என்ன போட்டிருக்கான்?" என்றார் உங்கள் பெரிய மாமா. சங்கத்தில் அவர்தான் மூத்தவர்.

இந்த அளவுக்குக் குறைந்த கண் உள்ள வலை கூடாது, மீறினால் வலை பறிமுதல் என்று வாசித்தேன். பறிமுதல் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நானும் அதோடு நிறுத்திவிட்டேன். கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

வலைக்கண்ணை நாங்கள் விரலால் அளப்போம். ஒரு முடிச்சில் விரலை வைத்து, அடுத்த முடிச்சு வரை எத்தனை விரல் என்று பார்ப்போம். எங்கள் வலை மூன்று விரல். நோட்டீஸில் இருந்த மில்லிமீட்டரை உங்கள் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். ஐந்து விரல் வந்தது.

"அப்போ பழசெல்லாம் ஆகாது. வீட்ல வச்சிருந்தாலே வம்பு" என்றார் மாமா. ஆய்க்குடிப் பக்கம் தோட்டக்காரர்களுக்குப் பழைய வலையைக் கொடுத்துவிட்டோம். மயிலுக்கும் பன்றிக்கும் தடுப்புக் கட்ட அவர்களுக்கு வலை வேண்டும். எனக்கு மிஞ்சியதைப் புடலைக்குப் போட்டேன்.

புது வலை வாங்க என்னைத்தான் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, "இழுத்து அளந்ததா, முடிச்சுக்கு முடிச்சா அண்ணாச்சி?" என்றார்.

"முடிச்சுக்கு முடிச்சுதான். சட்டம் வந்திருக்கு."

"உங்க அணைல சுறா கெடக்கோ?"

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

சாரல் தொடங்கியதும் புது வலையைக் கட்டினோம். முதல் நாள் காலையில் வலை இலேசாக வந்தது. பாசியும், ஒரே ஒரு பெரிய கட்லா மீனும் இருந்தன. மாமா கண்ணுக்குள் கையை விட்டு முழங்கை வரை நுழைத்துக் காட்டினார். "விட்டா நானே இதுக்குள்ள பூந்து கேரளாவுக்குப் போயிருவேன்வே!" அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். ஓட்டல்காரர்கள் கொல்லத்துக் கடல்மீனுக்குப் போய்விட்டார்கள். இந்தச் சட்டத்தில் பிழைக்க முடியாது, மீன்துறை அதிகாரி வந்ததும் மனுக் கொடுப்போம் என்று முடிவானது. மனு எழுதும் வேலையும் எனக்குத்தான் வந்தது.

அளவைச் சரியாக எழுத வேண்டுமே என்று நோட்டீஸை மறுபடி வாசித்தேன். கடைசி வரியை அப்போதுதான் பார்த்தேன். கண்ணை இழுத்து நீட்டி, எதிரெதிர் முடிச்சுகளுக்கு நடுவே அளக்க வேண்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து பந்தல் வலையில் ஒரு கண்ணை இழுத்துப் பிடித்தேன். ஆறு விரல் இருந்தது. நோட்டீஸ் கேட்டது ஐந்துதான். எங்கள் பழைய வலை சட்டத்துக்குச் சரியான வலைதான்.

சொன்னால் இனி யாரும் என்னை வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். மனுவையும் எழுதவில்லை, விஷயத்தையும் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரி வந்து புது வலையை இழுத்து அளந்தார். "இவ்வளவு பெரிய கண்ணு யாருங்க போடச் சொன்னது?"

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. "கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான் சார்" என்றார் மாமா. அவருக்குக் கடைசி வரி தெரியாது. அதிகாரி கேட்ட விதத்தில் தப்பு என்னுடையது என்று ஊகித்திருப்பார்.

"இல்ல சார். நான்தான் அரைகுறையா வாசிச்சேன். பழைய வலையே சரியா இருந்திருக்கு" என்றேன்.

அதிகாரி போனதும் மாமா கேட்டார், "நாந்தான் சமாளிச்சேன்லா? ஒம்ம வாயை யாருவே தொறக்கச் சொன்னா?" பிறகு அவர் என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் சைக்கிளோடு வாசலில் நின்றார். இரண்டு பேரும் தோட்டம் தோட்டமாகப் போய் வலையைத் திருப்பிக் கேட்டோம். சிலர் கொடுத்தார்கள். சிலர், "மயிலு வந்தா நீங்க வந்து வெரட்டுவீங்களா?" என்றார்கள். கிடைத்ததில் பாதி கிழிந்திருந்தது. பெண்கள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். சாரல் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அணையில் மறுபடி வலை இறங்கியது.

நோட்டீஸ் வந்தால் இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வாசித்து முடித்ததும் மாமா தாளின் அடியில் விரலை வைத்து, "இதுக்குக் கீழ?" என்று கேட்பார். வெறும் தாளாக இருந்தாலும் கேட்பார்.

நம் வீட்டு வலையையும் எடுக்கப் போனேன். கொடி ஒவ்வொரு கண்ணிலும் நுழைந்து ஏறியிருந்தது. "பிஞ்சு விட்டிருக்கு, தொடாதீங்க" என்றாள் உங்கள் அம்மா. விட்டுவிட்டேன்.