ஞானசௌந்தரி கூண்டேறிய நாள்

வக்கீல் ஞானசௌந்தரி தன் பழைய கட்சிக்காரன் சம்பத் மேலேயே வழக்குப் போட்டுவிட்டாள் என்றதும் பூந்தமல்லி கோர்ட் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. "பீஸுக்குக் கேஸா? நாளைக்கு எவன் மேடம் உங்ககிட்ட வருவான்?" என்று சக வக்கீல் கிருபாகரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"வராட்டிப் போகட்டும் சார். ஏழு வருஷ உழைப்பை ஓசியில விட நான் என்ன தர்மசத்திரமா நடத்தறேன்?"

சம்பத்துக்கு அயனம்பாக்கத்தில் ஏரிப்பக்கம் பரம்பரை நிலம். பங்காளி வளைத்துப் போட்டதை ஏழு வருஷம் வாதாடி மீட்டுக் கொடுத்தவள் இவள்தான். திருநின்றவூரில் ரயிலேறி, ஆவடியில் பஸ் பிடித்து ஓடி வருவாள். ஒரு வாய்தா தவறவிட்டதில்லை. பேசிய பீஸ் தொண்ணூறாயிரம். "நெலம் கைக்கு வரட்டும், மொதோ காசு உனுக்குத்தான் தங்கச்சி" என்பான். நிலம் வந்தது, அதில் கல்யாண மண்டபமும் எழும்பியது. பீஸ் கேட்டுப் பதினோரு தடவை நடந்தாள். கடைசித் தடவை அந்தப் பாவி மனுஷன் வாசலுக்குக்கூட வரவில்லை. வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போது போட்டாள்.

அவளுக்கு எதிராக நின்றது ஒரே ஒரு காகிதம். நில வழக்கில் ஜெயித்தவனுக்குத் தோற்றவன் செலவுத்தொகை தர வேண்டும். அதைக் கேட்பதற்கு, 'பீஸ் பெற்றுக்கொண்டேன்' என்று வக்கீல் சான்று எழுதித் தர வேண்டும். சம்பத் கெஞ்சினானே என்று, ஒரு பைசா வாங்காமலே அதில் கையெழுத்துப் போட்டிருந்தாள். இளகிய மனசு செய்த காரியம். இருந்தாலும் தப்பு தப்புதானே!

விசாரணை அன்று கறுப்பு அங்கியையும் வெள்ளைப் பட்டையையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சேலையோடு சாட்சிக் கூண்டில் ஏறினாள். சம்பத்தின் வக்கீல் அந்தக் காகிதத்தை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே? பணம் வாங்கிட்டதா எழுதியிருக்கே?"

"என்னுதுதான். ஆனா பணம் வாங்கல. பொய்யாத்தான் எழுதிக் குடுத்தேன்."

நீதிபதி நிமிர்ந்தார். "இதைப் பதிவு செய்தால் உங்கள் மேலேயே நடவடிக்கை வரும். யோசித்துச் சொல்லுங்கம்மா."

அவளுக்கு இருபத்திரண்டு வருஷத் தொழில். வாயை மூடிக்கொண்டால் தொழில் தப்பிக்கும், சம்பத்தும் தப்பித்துவிடுவான்.

"எழுதிக்குங்க ஐயா."

அடுத்து சம்பத் ஏறினான். தன் வழக்கைத் தானே நடத்தியதால் அவளே குறுக்கு விசாரணை செய்தாள். "பீஸை எப்போ குடுத்தீங்க?"

"இன்னா இப்டி கேக்குற? நான் சொன்ன சொல் மாற மாட்டேன். நெலம் கைக்கு வந்த மறுநாளே ரொக்கமா குடுத்துட்டேன்."

"நிலம் கைக்கு வந்தது ஆனியில. இந்தச் சான்றுல நான் கையெழுத்துப் போட்டது அதுக்கு முந்தின தையில. அப்போ, எழுதறப்ப நான் காசு வாங்கலன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறமா குடுத்ததுக்கு ரசீது எங்க?"

சம்பத் தன் வக்கீலைப் பார்த்தான். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

தீர்ப்பு அவள் பக்கம்தான், வட்டியோடு தொண்ணூறாயிரம். கடைசிப் பக்கத்தில் இன்னோர் உத்தரவும் இருந்தது. பொய்ச் சான்று கொடுத்ததற்காக அவளை விசாரிக்கும்படி பார் கவுன்சிலுக்கு எழுதியிருந்தார் நீதிபதி. படித்துவிட்டுக் கிருபாகரன் பதறிப்போனார். "ஐயோ மேடம், தொழிலுக்கே வேட்டு வச்சிக்கிட்டீங்களே! உடனே அப்பீல் போடுங்க, இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது எடுத்துடலாம்."

"வேணாம் சார்" என்றாள் ஞானசௌந்தரி, அங்கியை மாட்டிக்கொண்டே. "அவன் குடுக்க வேண்டியதை அவன் குடுக்கட்டும். நான் குடுக்க வேண்டியதை நான் குடுக்கறேன்."