பதினாலு மீட்டர் தடம்

எங்கள் போக்குவரத்துப் போலீஸ் பிரிவில் அவரை ‘டேப்’ என்றுதான் கூப்பிடுவோம். விபத்து நடந்த இடத்தில் டயர் தேய்த்த தடத்தை அளந்து, வண்டி வந்த வேகத்தைச் சொல்வது அவர் வேலை. சுற்றி யார் அலறினாலும் சாக்பீஸோடு நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவார். தடத்தின் நீளத்தைப் பதினாலால் பெருக்கினால் வேகத்தின் வர்க்கம். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகம். பிளஸ் விடை, மைனஸ் விடை இரண்டையும் எழுதி, மைனஸை அடித்துவிட்டு, “வண்டி ரிவர்ஸ்ல வரலப்பா” என்பார். பிறகு விடையை மறுபடி வர்க்கம் போட்டுச் சரிபார்ப்பார். ஆறு வருஷமாக அவருக்கு எடுபிடியாக இருந்து, அந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அன்று பகலில் லாரியில் அடிபட்டுச் செத்தது அவருடைய சொந்தத் தம்பி. நாங்கள் போனபோது கூட்டம் டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு ஹெல்மெட்டால் அடித்துக்கொண்டிருந்தது. டேப் தன் சட்டையைக் கழற்றித் தம்பியின் நசுங்கிய முகத்தை மூடினார். அளக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

இடது டயர்த் தடம் பதினாலு மீட்டர், வலதும் பதினாலு. முட்டாள் நான், இரண்டையும் கூட்டினேன். இருபத்தெட்டு. கணக்குப் போட்டால் எழுபத்தோரு கிலோமீட்டர் வேகம். அந்த ரோட்டில் அறுபதுக்கு மேல் போகக்கூடாது.

“என்ன வேகம் சார்?” என்று ஒருவன் கேட்டான்.

“எழுபத்தொண்ணு!” என்று கத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், டிரைவரை இன்னும் நாலு போடட்டும் என்றுதான் இருந்தது எனக்கும். அடுத்த நிமிஷம் இரும்புக் கம்பி இறங்கியது. டிரைவரின் தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

டேப் வந்து என் கணக்கைப் பார்த்தார். “ரெண்டு டயரும் ஒரே வண்டியிலதானடா ஓடுச்சு? எதுக்குக் கூட்டின?”

என் கையிலிருந்த அளவு டேப்பைப் பிடுங்கி அவரே அளந்தார். அதன் நுனி தம்பியின் ரத்தத்தில் கிடந்தது. பதினாலு மீட்டர். வர்க்கம் நூற்றுத் தொண்ணூற்றாறு. மூலம் பதினாலு; நொடிக்குப் பதினாலு மீட்டர் என்றால் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். லாரி வரம்புக்குள்தான் வந்திருக்கிறது; தம்பிதான் சந்திலிருந்து குறுக்கே பாய்ந்திருக்கிறான்.

“அம்பதுதான்! விடுங்கடா அவன!” என்று கூட்டத்துக்குள் புகுந்து டிரைவர் மேல் விழுந்தார். கம்பி அவர் தோளில் இறங்கியது. நான் ஜீப்பைக் கூட்டத்துக்குள் விட்டு இருவரையும் மீட்டேன். டிரைவர் பிழைத்துக்கொண்டான்.

அதற்குள் தம்பி மனைவி வந்துவிட்டாள். அத்தான் என்பதைத் தவிர வேறு பேச்சு பேசாதவள், எல்லார் முன்னாலும் அவரை அறைந்தாள்.

“கூடப் பொறந்தவன் செத்துக் கெடக்கான், கொன்னவனுக்குக் கணக்குப் போட்டுக் குடுக்குறியா? நீயெல்லாம் அண்ணனா?”

அவர் ரோட்டில் சாக்பீஸால் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடிபடாத கையால் பதினாலைப் பதினாலால் பெருக்கினார். நூற்றுத் தொண்ணூற்றாறு. மறுபடி பெருக்கினார்.

“எங்கயாவது தப்பு பண்ணியிருப்பேன்டா. நீ ஒரு தடவ பாரேன்” என்று உடைந்து அழுதார்.

குனிந்து வரி வரியாகப் பார்த்தேன். தப்பு எதுவும் இல்லை.