கடைசித் தாளில் வைத்த பொட்டு

எங்கள் தெருவில் செக் புத்தகம் வைத்திருந்த முதல் பெண் நான். அப்பா தறி நெய்பவர், கைநாட்டு. அதனால் அவருடைய போனஸ் பணத்தை என் பெயரிலேயே வங்கியில் போட்டு வைத்தார். ஆசிரியப் பயிற்சிக்கு என்னிடம் இருந்தது அது மட்டும்தான்.

ஆயுத பூஜையன்று தறியில் ஊடை நூலோடு ஓடும் நாடாக்கட்டைகளோடு அந்தப் புத்தகத்தையும் படையலில் வைத்தார். அட்டையில் பொட்டு வைத்தது போதாதென்று கடைசித் தாளின் மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்.

"அந்தத் தாள பேங்குல வாங்க மாட்டாங்கபா!" என்று கத்தினேன்.

பொரி மென்றுகொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, சிரித்தார். "இங்கிலீஷ்ல கையெழுத்து போடுவியாமே? எங்க, போட்டுக் காட்டு."

பொரி மடித்து வந்த தாளில் மூன்று முறை போட்டுக் காட்டினேன். அந்தத் திமிருக்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அன்று மாமா எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

பத்து நாள் கழித்து வங்கிக்குப் போனேன். கணக்கு காலி.

"கையெழுத்து உங்களுதுதானேம்மா? எடுத்துட்டு மறந்திருப்பீங்க" என்றார் மேனேஜர்.

வீட்டில் மாமா அதற்கும் மேலே போனார். "படிச்ச பொண்ணு. யாருக்குக் குடுத்துச்சோ!"

அப்பா எழுந்து தறிக்குப் போய்விட்டார். மாமாவின் வாயைவிட அப்பா அப்படி எழுந்து போனதைத்தான் நான் அதிகம் வெறுத்தேன்.

மறுநாள் அவரை வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மீதித் தாள்களுக்குப் பணம் தரக்கூடாது என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். பணம் போன செக்கைக் காட்டும்வரை நாற்காலியைவிட்டு எழவில்லை. கடைசியில் மேனேஜர் எடுத்துப் போட்டார். என் கையெழுத்து அச்சு அசலாக இருந்தது. மூலையில் மட்டும் துடைத்தும் போகாத ஒரு சிவப்பு வட்டம்.

அப்பா குனிந்து பார்த்தார். "இது நான் வெச்ச பொட்டு சார்."

"முன்னாடி தாளுங்க எல்லாம் அப்படியே இருக்குது. கடைசித் தாள கிழிச்சு எழுத நான் என்ன பைத்தியமா?" என்றேன்.

பணம் கொடுத்த குமாஸ்தா அப்போதுதான் வாயைத் திறந்தார். "உன் மாமான்னு சொல்லிக்கினு ஒருத்தரு வந்தாரேமா. வெத்தலையும் வாயுமா."

அன்றே போலீஸுக்குப் புகார் எழுதினேன். அம்மா கையைப் பிடித்தாள். "என் தம்பிடி. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

என் கையெழுத்தைப் போட்டு முடித்ததும் அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்தார். "மை டப்பாவ எடும்மா." என் பெயருக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி உருட்டினார்.

"இத எவன் பாத்து போடறான்னு பாக்கறேன்" என்றார்.

பொரித் தாளில் போட்டுக் காட்டிய என் இங்கிலீஷ் கையெழுத்தை நினைத்து எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தத் தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.