ஆறக்கூடாத காயம்

அவளுக்குக் கட்டக்கா என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடும் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வெட்டோ, புண்ணோ, தையல் பிரிந்ததோ, அவள் கை பட்டால் தழும்புகூடத் தெரியாது என்று பேச்சு. எப்போதும் சிடுசிடு முகம். "ஆறிடுச்சு, இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று ஆளை விரட்டும்போது மட்டும் சிரிப்பாள்.

ஊரார் காயத்தை எல்லாம் பார்த்தவள் தன் கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் கிளாக்கோமா சத்தமில்லாமல் வந்து இடது கண்ணை வாங்கிக்கொண்டு போனது. வலது கண்ணிலும் அழுத்தம் ஏறியபோது, நீர் வடிவதற்கு மேல் இமைக்கு அடியில் சின்னதாக ஒரு வழி வெட்டி ஆபரேஷன் செய்தார் கண் டாக்டரம்மா. வெட்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பியிருந்தது. அந்தக் கண்ணும் போனால் கட்டு அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுச் சுவரைத் தடவ வேண்டியதுதான். வெளியே யாரிடமும் சொல்லவில்லையே தவிர, பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மணிக்கொரு தரம் விடச் சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். எதற்கு என்றும் சொன்னார்கள். காயத்தைப் பற்றித் தனக்கே பாடமா என்று அவள்தான் காது கொடுக்கவில்லை. பஸ் ஓட்டும் கணவர் லீவு போட்டுவிட்டு, அலாரம் வைத்து மருந்து விட்டார்.

"மணி அடிச்சாச்சு, படு."

"குடுங்க, நானே போட்டுக்கறேன். நீங்க விட்டா பாதி கன்னத்துல ஓடுது."

லீவு முடிந்து அவர் வேலைக்குப் போனதும், அந்தப் பாட்டிலை அலமாரியின் பின்னால் தள்ளினாள். கூடக் கொடுத்திருந்த மற்ற சொட்டு மருந்தை மட்டும் விட்டாள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குப் புண் ஆறாமல் இழுத்தடிப்பதை அவள் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறாள்! தன் காயம் மட்டும் சீக்கிரம் ஆற வேண்டாமா?

ஒரு வாரம் போனது. "இமையைத் தூக்கிப் பாருங்க, அந்த மேடு இருக்கா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"இல்லையே, தட்டையா இருக்கு."

"பாத்தீங்களா, வீக்கம் வத்திடுச்சு!" அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் அழுத்தத்தை அளந்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "சொட்டு மருந்து ஒழுங்கா விடறீங்களாம்மா?"

"விடறேனே."

நனைந்த கட்டோடு வந்து நின்று, தண்ணியே படலக்கா என்று சாதிப்பவர்களை எத்தனை முறை திட்டியிருப்பாள். அதே குரல்தான் இப்போது அவளிடமிருந்து வந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை. "இல்ல டாக்டர். ஸ்டீராய்டை நிறுத்திட்டேன்" என்றாள்.

கூட வந்திருந்த கணவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க ரூம்ல காயம் மூடணும். இது மூடவே கூடாதும்மா. தழும்பு கட்டினா வழி அடைச்சுக்கும், அதைத் தடுக்கத்தான் அந்த ஸ்டீராய்டு. அந்த மேடு வீக்கம் இல்ல, தண்ணி வடியறதுக்கு அடையாளம்." ஆபரேஷனில் போட்டிருந்த தையல்களில் ஒன்றை லேசரால் வெட்டி வழியைத் தளர்த்தினார். "இனி மணிக்கொரு தரம் விடுங்க. வழி திறக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்குப் போனதும் கணவர் அலமாரியின் பின்னாலிருந்து அந்தப் பாட்டிலைத் தேடி எடுத்தார். மறுபடியும் லீவு போட்டார். அலாரம் அடித்தால் கட்டக்கா வாயைத் திறக்காமல் படுத்தாள். மருந்து கன்னத்தில் ஓடி காதுக்குள் போனாலும் முணுமுணுக்கவில்லை. பாதி ஆயுள் படித்த படிப்பே தன் கண்ணைக் குத்திவிட்டதே என்று மனம் மட்டும் அடித்துக்கொண்டது.

அடுத்த முறை டாக்டரம்மா அழுத்தத்தை அளந்தார். இமையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். கட்டக்கா நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"மேடு எழும்பிடுச்சு. அழுத்தமும் இறங்கிடுச்சு. காயம் இன்னும் ஆறலம்மா."

அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை பேர் முகத்தை வாட வைத்திருக்கிறாள் அவள். இன்று அதைக் கேட்டுக் குழந்தை மாதிரி ஓவென்று அழுதாள். கண்ணைத் துடைக்கப் போன அவளுடைய இரண்டு கைகளையும் கணவர் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தேய்க்காதே. அழறதுன்னா அப்படியே அழு."