பாட்டிலை நிறுத்திய பிறகு

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த நடைக்கூடத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. மூலையெல்லாம் மாவாப் புகையிலையை மென்று துப்பிய எச்சில். கைகழுவும் தொட்டியில் யாரோ கொட்டிய சாம்பார் சோறு. ஒரே கறுப்புத் தண்ணீரில் மாப்பை முக்கி முக்கித் தரையெங்கும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுத்தம் செய்கிறார்களாம்.

உள்ளே என் மனைவி செல்வி வென்டிலேட்டரில் (மூச்சுவிட உதவும் கருவி) கிடந்தாள். உங்கள் வீட்டு ஆளும் அப்படிக் கிடந்தால், நீங்களும் இதுபோன்ற ஓர் இடத்தில் உட்கார்ந்துதான் இதைப் படிப்பீர்கள். அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

செல்வி காசிமேட்டில் இறால் உரிப்பவள். இறால் கொம்பு விரலில் குத்துவது அங்கே அன்றாடம் நடப்பது. குத்தினால் ஐஸ் பெட்டியில் உருகி நிற்கும் தண்ணீரில் கையை முக்குவார்கள்; ரத்தம் நின்றதும் வேலையைத் தொடர்வார்கள். மீன் குடல் மிதக்கும் தண்ணீர் அது. நான் மணலியில் ட்ரெய்லர் ஓட்டுகிறவன், கிரீஸும் டீசலும் பழகியவன். அந்தத் தண்ணீரை மட்டும் என்னால் பார்க்க முடியாது.

அப்படிக் குத்துப்பட்ட விரல் வீங்கிச் செல்விக்குக் காய்ச்சல் வந்தபோது, அவள் தம்பி குமார் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டிவந்தான். எங்கள் பக்கம் எந்தக் காய்ச்சலுக்கும் அதுதான் வைத்தியம். பாட்டில் ஏற்றுபவர் நல்ல டாக்டர். மாத்திரை மட்டும் எழுதுபவருக்கு ஒன்றும் தெரியாது. செல்வியும் தெம்பாகி மறுநாள் இறால் உரிக்கப் போனாள். அங்கேயே சுருண்டு விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் செப்சிஸ் என்றார்கள் (தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடம்பே தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலை). முதலில் அங்கேயும் நிறைய பாட்டில்கள் ஏற்றினார்கள். குமாருக்கு ஒரே திருப்தி.

பிறகு அவள் உடம்பு ஊதிப்போனது. கண் இடுங்கிப்போனது. கையில் விரலை வைத்தால் குழி விழுந்து அப்படியே நின்றது. தோலிலிருந்து நீர் கசிந்து படுக்கை விரிப்பு நாறியது. என் மனைவியைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. உங்களுக்கும் இருக்கும். இருந்தால் பயப்படாதீர்கள்.

எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு, அவளைப் பார்த்துவந்த ஓர் இளம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

“இதயத்தோட வலப்பக்கம் தளர்ந்து வீங்கியிருக்கு. நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்புற பக்கம் அது. வந்து சேர்ற ரத்தத்தையே அதால தள்ள முடியல. இனிமே பாட்டில் ஏத்தினா இன்னும் வீங்கி இடப்பக்கத்தையும் நசுக்கும். அதனால நிறுத்திட்டோம்.”

“பொழைப்பாளா டாக்டர்?”

“வலப்பக்கம் இப்படி ஆனவங்கள்ல நிறைய பேரைக் காப்பாத்த முடியறதில்ல. பிழைக்கவே மாட்டாங்கன்னும் இல்ல. தேங்கின தண்ணி வெளியே போகுதான்னு பார்ப்போம்.”

வெளியே உறவுக்கூட்டம் அந்த எச்சில் நடுவிலேயே உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டிருந்தது. குமார் மட்டும் சாப்பிடாமல் எழுந்து வந்தான்.

“பாட்டிலக் கயட்டிட்டாங்கன்னா கைய விரிச்சிட்டாங்கன்னு அர்த்தம் மாமா. வேற ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடலாம். அங்க ஏத்துவாங்க.”

கறித்துண்டைக் கடித்தபடி எல்லோரும் தலையாட்டினார்கள். நான் குமாரைப் பார்த்துக் கத்தினேன்.

“இன்னாடா ஏத்துவாங்க? ஊறிப்போய் கீறா உங்க அக்கா. அவ இங்கதான் இருப்பா. கையக் கய்விகினு கெளம்புங்க எல்லாரும்!”

“அக்காவுக்கு எதுனா ஆச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன்.”

அவன் சொல்வதே சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தோடுதான் உள்ளே போனேன்.

ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு மருந்து, தேங்கிய நீர் பிரிய ஓர் ஊசி. எனக்கு வேலை ஒன்றுதான்: கட்டிலுக்கு அடியில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்ப்பது. முதலில் அடியில் மட்டும் கொஞ்சம், கடுந்தேநீர் நிறத்தில். பிறகு மெல்ல வெளுத்தது. பை கனத்துத் தொங்கியது. “இன்னும் வருது சிஸ்டர்” என்று நர்ஸிடம் சத்தமாகச் சொன்னேன். மாப்பைப் பார்த்தே குமட்டியவன், அந்தப் பையை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு விரல்நுனி போய்விட்டது. வலப்பக்க இதயம் தேறி வருகிறது. பழையபடி ஆகுமா என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. அடுத்த வருஷம், அடுத்த பொங்கல் என்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டோம். காலையில் அவள் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பேன். குழி விழவில்லையென்றால் அன்றைய பொழுது எங்களுடையது.

அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“யோவ், ஆஸ்பத்திரில என்னத் தொட கலீஜா இருந்துச்சா?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அது செல்லாது.

“இருந்துச்சு மே.”

“எனக்கு இன்னும் கீதுய்யா, இந்த ஒடம்பத் தொட.”

காலை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மற்ற காலையும் தூக்கி என் மடியில் வைத்தாள்.